சண்டை வளர்த்த காடு

மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

"அப்ப ஊட்டி ரயில்ல அடிக்கடி போவீங்களா சார்?"

போக மாட்டேன். ஏனென்றால் என்னுடையது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, வரிசையாக லாரிகள், பட்டறைகள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் திறந்திருக்கும் டீக்கடை. மலையும் கிடையாது, மலை ரயிலும் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போகவேண்டும்.

அந்த டவுன் ரயிலுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-ல். விழுப்புரம் பிரிட்டிஷ்காரன் ஊர், புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊர். வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே என்கிற பிரிட்டிஷ் கம்பெனி. ஒரு தேசத்தின் வண்டி இன்னொரு தேசத்து மண்ணில் தினமும் புகை விட்டுக்கொண்டு வந்து போனது. 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. குழப்பமும் தீர்ந்தது.

தீராமல் போயிருந்தால்? ஊருக்கு நடுவே ஓடும் தண்டவாளம், ஸ்டேஷன், பக்கத்தில் முளைக்கிற புல் எல்லாமே அடுத்த நாட்டுச் சொத்தாகவே நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கற்பனை செய்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருந்தது. ஒன்றிரண்டு வருடமல்ல, முழுசாக 46 வருடங்கள். ஊர் பெயர், சிங்கப்பூர்.

*

சிங்கப்பூர் போகிறவர்கள் வழக்கமாக செரங்கூன் ரோடு, முஸ்தபா கடை, செந்தோசா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். நானும் அந்த ஜாதிதான். அங்கேயே செட்டிலாகிவிட்ட புதுச்சேரி நண்பர் ஒருவர்தான், "காலையில ஆறரைக்கு ரெடியா இருங்க, ஒரு இடம் காட்டறேன்" என்று புக்கிட் தீமாவுக்கு இழுத்துப் போனார்.

சாலைக்கு மேலே ஒரு கறுப்பு இரும்புப் பாலம். நம் ஊரில் ஆற்றின் குறுக்கே நிற்குமே, இருபக்கமும் சாய்வுச் சாய்வாக உத்திரங்கள் வைத்து, அதே மாதிரி. கீழே கார்கள் சீறிக்கொண்டு போகின்றன. மேலே ஒரு தாத்தா நிதானமாக வாக்கிங் போகிறார். பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் செங்கல் நிறத்தில் குட்டியாக ஒரு ஸ்டேஷன். வாசலில் துண்டுத் தண்டவாளம். ரயில் வராத ஸ்டேஷன். 2011-லேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் பாதை தெற்கே போகிறது. தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது நடைபாதை. இருபுறமும் பச்சை. பெரிய மரங்கள், கொடிகள், ஆளுயரப் புல். எங்கேயோ குரங்கு கத்துகிறது. கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் மரங்களுக்குப் பின்னால் அடுக்குமாடிகள். வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரைக்கும் இப்படியே 24 கிலோமீட்டர். ஒரு நாட்டையே மேலிருந்து கீழாக வகிடு எடுத்த மாதிரி.

எனக்கு மரம், பறவை எல்லாம் அவ்வளவு தெரியாது. பி.காம். படித்தவன். நின்று மூச்சு வாங்கிய இடத்தில் மனக்கணக்குதான் ஓடியது. சிங்கப்பூரில் நிலம் என்றால் தங்கம். கடலைத் தூர்த்துக் கட்டடம் கட்டுகிற ஊர். அந்த ஊரில் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்தை இத்தனை காலம் எப்படிச் சும்மா விட்டு வைத்தார்கள்?

"விட்டு வைக்கலை சார். தொட முடியலை" என்றார் நண்பர்.

*

கதை 1903-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம்தான் சிங்கப்பூரில் முதல் ரயில் ஓடியது. புறப்பட்ட இடம் டேங்க் ரோடு. தைப்பூசத்துக்கு செரங்கூன் ரோட்டிலிருந்து காவடிகள் போய்ச் சேருமே, செட்டியார் கோயில் என்று சொல்லப்படும் தண்டாயுதபாணி கோயில், அதே டேங்க் ரோடு. நகரத்தார் 1859-லேயே அங்கே முருகனைக் குடியேற்றிவிட்டார்கள். ரயில் 44 வருடம் லேட்.

டேங்க் ரோட்டில் ஏறினால் வடக்கு முனை உட்லண்ட்ஸ் வரை போகலாம். அங்கே இறங்கி, படகில் ஜலசந்தியைத் தாண்டினால் ஜொகூர். எதிர்க்கரையில் மலாய் மாநிலங்களின் ரயில் காத்திருக்கும். இரண்டு கரைக்கும் எஜமானன் லண்டன்தான். ஆனால் நிர்வாகம் வேறு வேறு. சிங்கப்பூர் நேரடிக் காலனி. அந்தப் பக்கம் சுல்தான்களின் பெயரில் நடக்கும் மலாய் மாநிலங்கள்.

ஒரே தீபகற்பத்தில் இரண்டு ரயில்வே எதற்கு என்று யாருக்கோ தோன்றியது. சிங்கப்பூர் ரயிலை மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு விற்றுவிட்டார்கள். 1918-ல் அதற்கு முறைப்படி ஒரு சட்டமும் போட்டார்கள். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரயில்வே நிலத்தில் பெரும்பகுதி 999 வருடக் குத்தகை.

கவனியுங்கள், தொண்ணூற்றொன்பது அல்ல. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. 1918-ல் போட்ட குத்தகை 2917-ல் முடியும். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்திருக்க நியாயமில்லை. வலது கை கொடுத்து இடது கை வாங்கிய வியாபாரம். இரண்டு கையும் ஒரே உடம்பில் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நூறு வருடத்துக்குள் இரண்டு கையும் இரண்டு நாடாகும் என்று யாருக்குத் தெரியும்?

1923-ல் ஜலசந்தியின் குறுக்கே கல்லைக் கொட்டிப் பாலம் போட்டு, அதன்மேல் ரயில் விட்டார்கள். படகு வேலை முடிந்தது. 1932-ல் பழைய டேங்க் ரோடு பாதையைக் கைவிட்டு, மேற்கே தள்ளிப் புதிய பாதை போட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் தஞ்சோங் பகாரில் பிரமாதமாக ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். முகப்பில் நான்கு பெரிய சிலைகள். விவசாயம், வாணிபம், போக்குவரத்து, தொழில். நான் நடந்துகொண்டிருந்தது இந்த 1932 பாதையில்தான்.

சிலைகளைச் செய்தவர் ஓர் இத்தாலிக்காரர். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பாதையைப் போட்டவர்கள், தினமும் அதில் நடந்து ஆணியும் கட்டையும் சரிபார்த்தவர்கள் பெயர்?

*

ஒன்றரை மணி நேரம் நடந்ததில் டாங்ளின் ஹால்ட் வந்தது. ஹால்ட் என்றாலே ரயில் சற்று நின்று போகிற இடம் என்று நமக்குத் தெரியும். ரயில் போய்விட்டது, பேட்டைக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பாதையிலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரத்தில் ஒரு கோபுரம். காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயில்.

முனீஸ்வரன் இங்கே எப்படி வந்தார்? ரயிலால்தான். 1932-ல், புதிய பாதை திறந்த அதே வருடம், மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் குயின்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்னக் கோயில் வைத்தார்கள். முனியாண்டி கோயில் என்று பெயர். இடம் ரயில்வேயுடையது. பின்னால் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்து, 1998-ல் இப்போதைய இடத்தில் பெரிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டார் முனீஸ்வரன்.

மலாயா ரயில்வேயின் கதையே நம் ஆட்களின் கதைதான். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதைக்கு இலங்கையிலிருந்து ஆள் அழைத்து வந்தார்கள். அப்புறம் ஆபீஸ் நாற்காலிகளில், டிக்கெட் ஜன்னல்களில், ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பிக்குக் கீழே யாழ்ப்பாணத் தமிழர்கள். வெயிலில் தண்டவாளத்தில் தமிழ்நாட்டுக் கூலிகள். நாற்காலிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த தூரம் பெரிய தூரம். அது தனிக் கதை.

இதே தண்டவாளம் ஒரு பயங்கரத்தையும் சுமந்திருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சயாம் - பர்மா ரயில் பாதை போடுவதற்காக, பிடிபட்ட சிப்பாய்களை மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து இங்கிருந்துதான் வடக்கே அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில். போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சிப்பாய்களுக்காவது கல்லறையில் பெயர் வெட்டினார்கள். நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுகூட இல்லை.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நண்பர் மெதுவாகச் சொன்னார். "வாக்கிங் வர்ற பாதி பேருக்கு இந்தக் கோயிலுக்கும் இந்தப் பாதைக்கும் சம்பந்தம் இருக்குன்னே தெரியாது சார்."

*

சரி, சண்டைக்கு வருவோம்.

1965 ஆகஸ்ட் 9. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்து தனி நாடானது. ராணுவம் தனி, நாணயம் பிற்பாடு தனி, கொடி தனி. ரயில்? அது மலாயா ரயில்வே சொத்து. 999 வருடக் குத்தகை கையில் இருக்கிறது. ஆக, சிங்கப்பூரின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை நூல் பிடித்த மாதிரி ஒரு துண்டு நிலம், உபயோகத்தில் மலேசியாவுடையது.

சிங்கப்பூர் அசுர வேகத்தில் வளர்ந்தது. குடிசைகள் போய் அடுக்குமாடிகள் வந்தன. சதுப்பு நிலம் தொழிற்பேட்டையானது. ரயில் பாதையோரம் மட்டும் அப்படியே. அங்கே சிங்கப்பூர் கட்ட முடியாது. மலேசியாவுக்கோ ரயில் ஓட்டுவதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இரண்டு பேரும் தொடாததால் மூன்றாவது ஆள் உள்ளே வந்தார். புல், கொடி, மரம்.

ரயிலும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது. மீட்டர் கேஜ். நம் பழைய விழுப்புரம் - புதுச்சேரி லைன் என்ன அகலமோ அதே அகலம். ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வரவில்லை என்பதற்கு அத்தாட்சியாக டிரைவரிடம் வளையத்தில் மாட்டிய டோக்கன் கொடுப்பார்களே, அது கடைசி நாள் வரைக்கும் புக்கிட் தீமா ஸ்டேஷனில் கைமாறியது. மெட்ரோ ரயில் டிரைவரே இல்லாமல் ஓடுகிற நகரத்தில்!

1990 நவம்பரில் லீ குவான் யூவும் மலேசிய நிதி அமைச்சர் டைம் சைனுதீனும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ரயில் நிலத்தை விட்டுக்கொடுப்பது, பதிலுக்கு இரண்டு நாடும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துவது, மலேசியாவுக்கு அறுபது பங்கு, சிங்கப்பூருக்கு நாற்பது. இவ்வளவுதான் சமாசாரம். ஆனால் எப்போது விட்டுக்கொடுப்பது, பதிலுக்கு எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். இழுத்தது. இருபது வருடம் இழுத்தது.

நடுவில் ஒரு காமெடி. 1998 ஆகஸ்ட் 1-ம் தேதி சிங்கப்பூர் தன் குடியேற்றச் சோதனைச் சாவடியை தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா நகர மறுத்தது. விளைவு, ரயில் ஏறும் பயணி தஞ்சோங் பகாரில் முதலில் மலேசியாவுக்குள் "நுழைவார்". அப்புறம் சிங்கப்பூர் முழுவதையும் கடந்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு "வெளியேறுவார்". இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் போய்ச் சேர்ந்தாயிற்று! பதிமூன்று வருடம் இப்படித்தான் நடந்தது.

2010 மே மாதம் லீ சியன் லூங்கும் நஜீப் ரசாக்கும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். 2011 ஜூன் 30-க்குள் தஞ்சோங் பகாரைக் காலி செய்வது. பதிலுக்கு மரினா சவுத்திலும் ஓஃபிர் - ரோச்சோரிலும் மனைகள், அதே அறுபது - நாற்பது கம்பெனிக்கு. அப்போதும் ஒரு பாக்கி இருந்தது. பழைய மூன்று இடங்களுக்கு அந்தக் கம்பெனி மேம்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா? சுமார் 147 கோடி சிங்கப்பூர் டாலர் விவகாரம். நடுவர் மன்றம் 2014-ல் கட்ட வேண்டாம் என்றது. இரண்டு நாடும் பேசாமல் ஏற்றுக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரனோடு அரை அடிச் சுவருக்கு மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைகிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

*

இங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான ஒன்பது மாதம் வருகிறது.

சண்டை முடிந்துவிட்டது. நிலம் கைக்கு வரப்போகிறது. சிங்கப்பூர் மாதிரி ஒரு அரசாங்கம் அதை என்ன செய்யும்? கூறு போடும். ஒரு துண்டில் சாலை, ஒரு துண்டில் வீடு, ஒரு துண்டில் கடைத்தொகுதி. கணக்குப் புத்தகத்தில் அதுதான் நியாயம். சும்மா கிடக்கிற நிலம் வருமானம் தராத சொத்து. எனக்குக் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சிங்கப்பூர் இயற்கைக் கழகம் என்று ஓர் அமைப்பு. 2010 அக்டோபரில் அவர்கள் அரசிடம் ஒரு திட்டம் கொடுத்தார்கள். சாரம் ரொம்ப எளிமை. இந்த நிலத்தைத் துண்டு போடாதீர்கள். முழு நீளத்தையும் பசுமைப் பாதையாக வையுங்கள். ஆங்காங்கே தீவு தீவாக இருக்கும் காடுகளை இது ஒன்றோடொன்று சேர்க்கிறது. ஒரு இடத்தில் வெட்டினாலும் போச்சு.

யோசித்துப் பாருங்கள். பூங்கா எப்போது வேண்டுமானாலும் போடலாம். மரம் எப்போது வேண்டுமானாலும் நடலாம். ஆனால் ஒரு நாட்டின் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை இடைவெளியில்லாத 24 கிலோமீட்டர் நிலம்? எத்தனை கோடி கொட்டினாலும் மறுபடி உண்டாக்க முடியாது. அவர்கள் அரசிடம் சொன்ன கணக்கு அது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

2011 ஜூன் 30, ராத்திரி பதினோரு மணி வாக்கில் கடைசி ரயில் புறப்பட்டது. ஓட்டியவர் யார் தெரியுமா? ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். 1920-களில் ஜலசந்திப் பாலம் திறந்தபோது ஜொகூரை ஆண்டவர் அவருடைய கொள்ளுத்தாத்தா, அவர் பெயரும் இப்ராஹிம்தான். கொள்ளுத்தாத்தா காலத்தில் வந்த ரயிலை கொள்ளுப்பேரன் ஓட்டிக்கொண்டு வெளியேறினார். (இந்தக் கொள்ளுப்பேரன் 2024-ல் மலேசியாவின் மாமன்னரானார்.)

அடுத்த நாள் காலையிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி மலேசியாவிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன்னால் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கூட்டம் அலைமோதியது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, கேமராவோடு, கல்யாண ஜோடிகள் பட்டுச்சேலை சகிதம், கிழவர்கள் கைத்தடியோடு. நண்பரும் போயிருக்கிறார். "கட்டை மேல கால் வச்சு நடந்தப்ப, சின்ன வயசுல வில்லியனூர்ல லைனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன ஞாபகம் வந்துடுச்சு சார்" என்றார்.

நடந்த ஜனங்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தியதுபோல ஆயிற்று. பாதையை முழுசாக வைத்துக்கொள்வது என்று அரசு முடிவெடுத்தது. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் அந்த வருடம் ஏப்ரலிலேயே தேசிய நினைவுச் சின்னமாகியிருந்தது. இரும்புப் பாலங்கள் நின்றன. செப்பனிட்ட புக்கிட் தீமா ஸ்டேஷனை 2022 ஜூலையில் திறந்தார்கள்.

*

உலகத்தில் இது முதல் ஆள் இல்லை. பாரிஸில் 1969-ல் மூடப்பட்ட வென்சென் ரயில் பாதையின் ஒரு பகுதியை, தூண்களுக்கு மேலேயே தோட்டமாக்கி 1993-ல் முடித்தார்கள். அதைப் பார்த்து நியூயார்க் விழித்துக்கொண்டது. 1980-ல் கடைசி சரக்கு ரயில் போன உயரப் பாதை ஒன்றை, இடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தபோதே காப்பாற்றி, 2009-ல் ஹை லைன் என்று திறந்தார்கள். சுற்றுப்புறத்தில் வீட்டு வாடகை எகிறி, பழைய ஆட்கள் பாடு திண்டாட்டமானது அதற்குப் பிந்தைய அத்தியாயம். பச்சைக்கும் ஒரு விலைச்சீட்டு உண்டு.

நம் பக்கம்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் பிரெஞ்சு மண்ணிலேயே. காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து ரயில் வந்தது 1898-ல். சுமார் 23 கிலோமீட்டர். 1980-களின் பிற்பகுதியில் மூடிவிட்டார்கள். தண்டவாளம் போனது. முள் மண்டியது. ஒரு தலைமுறை, அங்கே ரயில் ஓடியதையே தாத்தா பாட்டி கதையாகக் கேட்டு வளர்ந்தது. அப்புறம் அதே தடத்தில் புதிதாக அகலப் பாதையே போட்டுவிட்டார்கள். தடம் பிழைத்திருந்தது, அதனால் ரயில் திரும்பி வந்தது.

இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. சிங்கப்பூரில் தடம் பிழைத்தது, காடு கிடைத்தது. காரைக்காலில் தடம் பிழைத்தது, ரயில் கிடைத்தது. ரயிலா, மரமா என்று பிற்பாடு வருகிறவர்கள் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். தடமே போய்விட்டால் முடிவு செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பட்டா போட்ட ஓடைகளும், பஸ் ஸ்டாண்டான ஏரிகளும் நம் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தண்ணீர் வரும்போதுதான் தடம் எங்கே என்று தேடுகிறோம்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டு நின்றதில் ஒரு காடு வளர்ந்தது. ஆனால் அதிர்ஷ்டம் 2010 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை நடந்த ஜனங்கள்தான் செய்தார்கள்.

முனீஸ்வரன் கோயிலில் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தோம். பாதையில் ஒரு அம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "பாட்டி, இங்க ரயில் வருமா?" என்று தமிழில் கேட்டான் பொடியன்.

"வராதுடா கண்ணு. வந்துச்சு."